மூலைப் பெட்டியில் என் எழுத்து

நவம்பர் 6, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. குடையில் இரண்டு கம்பி போய்விட்டது. மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் கணுக்கால் தண்ணீர். பஸ்ஸில் நின்றபடியே அடையாறு. ஆபீஸ் சேர்ந்தபோது பத்தே கால்.

வாங்க: பிளேடு ஒரு பாக்கெட், கறுப்பு மை, தயிர், இவருக்கு இருமல் மருந்து.

ஈரக்காற்றில் ட்ரேசிங் தாள் அப்பளம் மாதிரி நெளிகிறது. இழுத்து ஒட்டி வரைவதற்குள் தோள்பட்டை வலி.

சார் காலையிலேயே எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சார் என்றால் ரங்கராஜன் சார், ஆர்க்கிடெக்ட், எங்கள் முதலாளி. எல்லாரும் என்றால் வரைகிற ஆறு பேர். "பொங்கல் கழிச்சு கம்ப்யூட்டர் வர்றது. இனிமே பிளான் போடறதெல்லாம் அதுலதான். ஒருத்தரை மூணு மாசம் டிரெயினிங் அனுப்பப் போறேன். ஒரு சீட்டுதான். இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுவேன்."

அப்போ டிராயிங் போர்டெல்லாம், என்று யாரோ இழுத்தார்கள்.

"அதையெல்லாம் வச்சுண்டு என்ன பண்றது?"

போர்டைத்தான் சொன்னார். ஆனால் ஆறு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

மற்ற நால்வரும் நேற்று வந்த பிள்ளைகள். போட்டி எனக்கும் பாஸ்கருக்கும்தான். எனக்கு இங்கே பதினோரு வருஷம். பாஸ்கருக்கு நாலு. ஆனால் அவன் சீனியர் டிசைனர், நான் டிராஃப்ட்ஸ்மேன். (பெண்ணானாலும் மேன்தான். சார் மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை.) நாங்கள் வரைகிற ஒவ்வொரு தாளும் பாஸ்கர் கை வழியாகத்தான் சாரிடம் போக வேண்டும். அவன் சரிபார்த்து அனுப்புவான்.

சாருக்கு ஒரு பழக்கம். எங்கள் மேஜைப் பக்கம் வரவே மாட்டார். யார் வேலை செய்கிறார்கள், யார் ஒப்பேற்றுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள மாட்டார். ஒவ்வொரு தாளிலும் வலது கீழ்மூலையில் ஒரு பெட்டி உண்டு. கட்டடத்தின் பேர், தேதி, அளவு, கடைசி வரியில் வரைந்தவரின் இரண்டெழுத்து. அந்த எழுத்தை மட்டும் பார்த்துத் தன் நீள நோட்டில் ஏற்றிக்கொள்வார். வருஷக் கடைசியில் அந்த நோட்டுதான் எங்கள் ஜாதகம்.

என் எழுத்து எம்.டி. மகாலிங்கம் பெண் தேவகி. ஆபீசில் கிண்டலாக எம்.டி. மேடம். பாஸ்கர் வைத்த பேர்.

இப்போது கையில் இருப்பது மயிலாப்பூர் வீடு. மூன்று சகோதரர்கள், பழைய வீட்டை இடித்துவிட்டு ஆளுக்கொரு மாடி. கீழே கார், முதல் மாடி பெரியவர், இரண்டாவது நடுவுள்ளவர், மூன்றாவது கடைசித் தம்பி. முதல் மாடி போன மாதமே முடித்துவிட்டேன். இன்று இரண்டாவது. பின்பக்கத்தில் பூஜை அறை, ஸ்டோர், டாய்லெட் மூன்றும் ஒரே வரிசை. நடுவுள்ளவருக்கு டாய்லெட் தன் படுக்கையறைப் பக்கம் வர வேண்டுமாம். புதிதாகப் போடுவானேன் என்று முதல் மாடித் தாளில் அந்த வரிசையைக் குப்புறத் திருப்பிப் போட்டு, மேலே புதுத் தாளை வைத்து அப்படியே இழுத்துவிட்டேன். இடம் வலமாகிவிட்டது. இரண்டு நாள் வேலை அரை நாளில். இந்த சூட்சுமம் அந்த டிப்ளமாக்காரன் பாஸ்கருக்கு வராது.

இவருக்கு இருமல் மருந்து மறந்துவிட்டேன்.

நவம்பர் 7, செவ்வாய்

மழை விட்டு விட்டு. இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். முடியவில்லை. கை வேகமாக ஓடுகிறது.

மத்தியானம் லஸ் பக்கம் கபூர் பாய் கடைக்கு. எங்கள் ஆபீஸ் தாள்களையெல்லாம் பாய்தான் அம்மோனியா பிரிண்ட், அதாவது நீலக்கோட்டு நகல், போடுவார். கடை முழுக்க மூக்கில் ஏறும் நெடி. பாய்க்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. திருவல்லிக்கேணியிலிருந்து சைக்கிளில் வருகிறவர், அறுபது வயது, மூக்கு செத்துப்போச்சும்மா என்பார்.

பெசன்ட் நகர் ஃபிளாட் தாள்கள் நாலு. இன்றைக்கு ஆபீஸ் பையன் வரவில்லையென்று நானே எடுத்துப் போனேன். பதினோரு வருஷத்தில் இது மூன்றாவதோ நாலாவதோ தடவை. பிரிண்ட் வெளியே வந்தது. பாய் மூலையை விரலால் தட்டினார்.

"இன்னாமா இது, பெட்டிகிட்ட மட்டும் நீலமா கீது? நம்ம மிஷினு தப்பு இல்ல. ஷீட்டுல சொரண்டிக்கிறாங்க."

தாளை ட்யூப் லைட்டுக்கு எதிரே பிடித்துக் காட்டினார். கடைசி வரியில் ஒரு சொரசொரப்பு. பிளேடால் மையைச் சுரண்டி, நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே புதிதாக எழுதியிருக்கிறது. பி.கே.

பாஸ்கர்.

"எவ்ளோ நாளா பாய் இப்படி?"

"நெறைய ஷீட்டு வந்துக்கினு கீதும்மா. ஆறு மாசம் இருக்கும். நீங்களே மாத்திக்கிறீங்கன்னு நெனச்சேன். நமக்கு இன்னா, பிரிண்டு போட்டமா போனமான்னு."

நாலு தாளையும் மறுபடி லைட்டில் பிடித்தேன். நாலிலும். என் சுவர், என் கதவு, என் மாடிப்படி, படிக்கு நான் போடுகிற சின்ன அம்புக்குறி. எல்லாம் என் கை. மூலையில் அவன்.

ஆறு மாதம். பொறுக்கியெடுத்து நல்ல தாள்களை மட்டும். திருவான்மியூர் நர்சிங் ஹோம். ராஜா அண்ணாமலைபுரம் பங்களா, அதன் வளைவுப் படிக்கட்டுக்குப் பதினேழு நாள். செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், வாட்ச்மேன் ரூம் இதிலெல்லாம் என் எழுத்தை விட்டுவைத்திருக்கிறான். சாரின் நோட்டில் நான் ஆறு மாதமாக செப்டிக் டேங்க் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பாய் டீ வரவழைத்தார். குடிக்கவில்லை.

நவம்பர் 8, புதன்

தூக்கமில்லை. வெயில் வந்தது. மாவு பொங்காமல் இட்லி கல்லாக இருந்தது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

இவரிடம் சொன்னேன். "நீ வாய மூடிக்கிட்டு வேல செஞ்சா யாருக்குத் தெரியும்? உன் வேலய நீதான் சொல்லிக்கணும்" என்றார். ரயில்வேயில் இருபது வருஷமாக வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற மனுஷன்.

இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன். நடந்தவை:

1. சார் அறைக்குப் போனேன். "சார், பெசன்ட் நகர் தாள் நான் வரைஞ்சது" என்று ஆரம்பித்தேன். நோட்டைப் புரட்டினார். "பாஸ்கர்னு போட்டிருக்கே." அது மாத்தியிருக்கு சார் என்றேன். பேனாவை மூடி வைத்தார். "தேவகி, டிரெயினிங் பேச்சு எடுத்ததுலேர்ந்து எல்லாருக்கும் ஒரு படபடப்பு. புரியறது. ஒருத்தர் மேல ஒருத்தர் சொல்றது நன்னாயில்லம்மா." வெளியே வந்துவிட்டேன். காது சுட்டது.

2. சுரண்டியிருப்பதைக் காட்டலாம் என்று தாளை எடுக்கப் போனேன். தாள்கள் பாஸ்கர் பீரோவில். சாவி பாஸ்கரிடம்.

3. பாஸ்கர் நேராக என்னிடமே வந்தான். சிரித்த முகம். "என்ன எம்.டி. மேடம், சார் ரூமுக்கெல்லாம் போறீங்க? எதாச்சும் பிரச்சனைன்னா எங்கிட்ட சொல்லுங்க." லீவு கேட்கப் போனேன் என்று பொய் சொன்னேன். நான்! அவன் எதிரே நான் பொய் சொல்கிறேன்.

சாயங்காலம் பஸ்ஸில் என்னென்னவோ யோசனை. அவன் மேஜைமேல் மைப்புட்டியைக் கவிழ்ப்பது. அவன் டிபன் பாக்ஸில் அழிரப்பர் தூள். அவன் பெண்டாட்டிக்கு மொட்டைக் கடிதம். அவன் நாற்காலியின் ஒரு கால் திருகைக் கழற்றுவது. பனகல் பார்க் வருவதற்குள் ஏழு யோசனை. ஏழும் அற்பம். ஆனால் யோசிக்க யோசிக்க வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது, அதை மறைப்பானேன்.

நவம்பர் 10, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தலைவலி.

மயிலாப்பூர் வீடு இரண்டாவது மாடியும் மூன்றாவதும் முடிந்தது. சார் அவசரப்படுத்துகிறார். வரும் வியாழக்கிழமை சகோதரர்கள் மூவரும் ஆபீசுக்கு வருகிறார்கள். சாருக்கு அந்தப் பெரியவர் பள்ளிக்கூட சிநேகிதர். அதனால் இந்த வீடு அவருக்கு மானப் பிரச்சினை. இதை யார் நன்றாகக் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கே டிரெயினிங் சீட்டு என்று டைப்பிஸ்ட் பெண் சொன்னாள். சார் போனில் யாரிடமோ சொன்னாராம்.

பெட்டியில் எம்.டி. என்று அழுத்தி எழுதினேன். மை தாளின் அந்தப் பக்கமே தெரிகிற மாதிரி. சுரண்டுடா பார்க்கலாம்.

பாஸ்கரிடம் கொடுத்தேன். "பிரமாதம் மேடம். கைன்னா இது கை" என்றான். சரிபார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டான்.

சரிபார்ப்பது என்றால் என்னவென்று எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மறந்துவிடக் கூடாது. கீழ் மாடித் தாள்மேல் மேல் மாடித் தாளை வைத்து, தூணுக்கு மேல் தூண் வருகிறதா, குழாய்க்கு மேல் குழாய் வருகிறதா, எதற்கு மேல் எது வருகிறது என்று பார்க்க வேண்டும். அது பாஸ்கர் வேலை. அதற்குத்தான் சீனியர்.

மாங்காய் ஊறுகாய் பூசணம் பூத்துவிட்டது. ஜாடியோடு கொட்டினேன்.

நவம்பர் 13, திங்கள்

தூறல். கபூர் பாய் கடை. பையனை அனுப்புகிறோம் என்றார்கள், வேண்டாம் நானே போகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். ஆட்டோவிலேயே சுருளைப் பிரித்துப் பார்த்தேன்.

பி.கே. மயிலாப்பூர் வீட்டின் மூன்று மாடித் தாளிலும். அழுத்தி எழுதியதால் நன்றாகவே சுரண்ட வேண்டியிருந்திருக்கிறது. அரை மணியாவது ஆகியிருக்கும். தாள் மெலிந்தே போய்விட்டது.

பாய் கடையில் ஜன்னல் ஓரம் ஒரு கண்ணாடி மேஜை. பிரிண்ட் போடுவதற்கு முன் தாள்களை வரிசையாக அதன்மேல் அடுக்கினேன். முதல் மாடி கீழே, அதன்மேல் இரண்டாவது. வெளிச்சம் இரண்டையும் ஊடுருவி வந்தது.

தாள்களின் ஓரத்தைச் சரியாகப் பொருத்தி மறுபடி பார்த்தேன்.

முதல் மாடிப் பூஜை அறை. அதற்கு நேர் மேலே, கோட்டுக்குக் கோடு பிசகாமல், இரண்டாவது மாடி டாய்லெட். பீங்கான் கூட சரியாக நான் சாமி மேடை வரைந்திருந்த இடத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பெரியவர் விளக்கேற்றிக் கும்பிடுகிற சாமி தலைமேல் தம்பியின் கக்கூஸ்.

வரிசையைக் குப்புறத் திருப்பினேன் அல்லவா. அந்தக் கோடி இந்தக் கோடிக்கு வந்துவிட்டது. என் சூட்சுமம். என் கை. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு தப்பு நான் செய்ததில்லை. மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு குடும்பத்துக்கு இதைக் கொண்டுபோய் நீட்டினால் பிளானை மட்டுமா கிழிப்பார்கள்?

பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாமா, ஷீட்ட மாத்தணுமா? நாளைக்கி வேணா போட்டுக்கலாம்."

பிளேடு என் கைப்பையில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து சுரண்டிவிட்டு, வரிசையைத் திருப்பிப் போட்டால் ஒரு மணி நேரம். ஆபீசில் யாருக்கும் தெரியாது.

மூலைப் பெட்டியைப் பார்த்தேன். பி.கே.

தப்பு யாருடையது என்று இந்தத் தாள் சொல்கிறது? நோட்டு என்ன சொல்லும்?

"இல்ல பாய். போடுங்க" என்றேன்.

"எத்தினி?"

"நாலு செட்டு."

நவம்பர் 14, செவ்வாய்

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தேன். தப்பு நடந்திருக்கிறது என்று நான் சொன்னால் பாஸ்கர் தப்பித்துவிடுவான். தாள் திருத்தமாகப் போகும். வியாழக்கிழமை எல்லாரும் அவனைப் பாராட்டுவார்கள். சீட்டு அவனுக்கு. பொங்கல் கழித்து என் போர்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, என்னை வாட்ச்மேன் ரூம் வரையச் சொல்லக்கூட ஆளிருக்காது.

சொல்லாவிட்டால், கட்டடம் ஒன்றும் இடிந்து விழப்போவதில்லை. செங்கல் கூட வாங்கவில்லை. காகிதத்தில் இருக்கிற பூஜை அறைதானே, அதில் இன்னும் சாமி வரவில்லை.

சாயங்காலம் மயிலாப்பூரில் இறங்கினேன். இவருக்கு வேட்டி வாங்க என்று நினைத்துக்கொண்டேன். கோயிலுக்குள் போகவில்லை. கோபுரத்தைப் பார்த்து வெளியிலிருந்தே கும்பிட்டேன். மன்னிச்சுடு, ஆனா நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அங்கே யாரும் வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை.

வேட்டி வாங்கவில்லை.

நவம்பர் 15, புதன்

இன்று மனம் மாறப் பார்த்தது. எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்குப் பாஸ்கர் என் மேஜைக்கு வந்தான். கையில் இரண்டு பொட்டலம், வாழைக்காய் பஜ்ஜி. ஒன்றை என் பக்கம் நகர்த்தினான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் பிரிண்டை விரித்தான்.

"மேடம், நாளைக்கு அவங்களுக்கு நான்தான் விளக்கணுமாம். ஒரு தரம் மாடி மாடியா சொல்லிடுங்களேன்."

அவன் பேர் போட்ட தாளை அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொன்னேன். கார் எப்படித் திரும்பும், மாடிப்படியில் வெளிச்சம் எங்கிருந்து வரும், சமையலறை மேடை ஏன் கிழக்கு பார்த்தது, பால்கனி ஏன் ஒரு அடி உள்ளே. ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றைத் தவிர. அவன் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டான், பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி.

பிறகு பென்சிலை வைத்துவிட்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"நாலு வருஷமா எல்லாரோட ஷீட்டையும் நான்தான் பாத்து அனுப்பறேன். எத்தன தப்பு திருத்தியிருப்பேன். எந்தப் பெட்டியிலயாவது என் பேரு வருதா? சாருக்கு நான் ஒருத்தன் இருக்கறதே தெரியாது. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம், மாமனார் கேக்கறாரு, மாப்ள ஆபீஸ்ல என்ன பண்றாருன்னு."

அதனால்தான் சுரண்டினேன் என்று சொல்லவில்லை. ஆனால் சொன்ன மாதிரியே இருந்தது. உண்மையாகவே முகம் சிறுத்துப்போயிருந்தான். பஜ்ஜி சூடாக இருந்தது. இரண்டாவது மாடித் தாளின் பின்பக்க வரிசைமேல் என் விரல் போய் நின்றது. இதைப் பாரு பாஸ்கர் என்று வாய் திறக்கப் போனேன். சத்தியமாக.

அப்போது சொன்னான். "கவலப்படாதீங்க மேடம். நான் டிரெயினிங் போயிட்டு வந்து உங்களுக்கும் கத்துக் குடுத்துடறேன். எனக்கு அசிஸ்டென்டா ஒருத்தர் வேணும்ல."

விரலை எடுத்துவிட்டேன்.

"வேற எதாச்சும் பாக்கணுமா மேடம்?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல சார்."

அவனை சார் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டான். பஜ்ஜி நன்றாகவே இருந்தது, மூன்றையும் சாப்பிட்டேன்.

நவம்பர் 16, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. நீலப் புடவை கட்டிக்கொண்டேன். இவர் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். சகோதரர்கள் மூவர், பெரியவரின் மனைவி. மாமி ஏதோ பாங்கில் ஆபீசர். வைரத்தோடு, கையில் டைரி. சார் அறைக்கும் எங்கள் ஹாலுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்புதான், மேலே திறந்திருக்கும். என் மேஜை தடுப்பை ஒட்டி. பேனாவைக் கழுவுகிற சாக்கில் எதையும் வரையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாஸ்கர் குரல். கணீரென்று. கார் திரும்புவது, படிக்கட்டு வெளிச்சம், பால்கனி. நான் சொன்ன வரிசையில், நான் சொன்ன வார்த்தையில்.

பெரியவர்: "பேஷ். யாரு ரங்கா வரைஞ்சது?"

சார்: "நம்ம பாஸ்கர்தான். பெட்டியில பாரேன்."

பாஸ்கர்: "மூணு மாடியும் நானே போட்டேன் சார். வேற யாருகிட்டயும் குடுக்கல."

இதை அவன் சொல்லியிருக்க வேண்டாம். யாரும் கேட்கவில்லை. வாயால் கெட்டான்.

அப்புறம் கொஞ்ச நேரம் தாள் புரட்டுகிற சத்தம். மாமியின் குரல், மெதுவாக: "இருங்கோ. இது எங்காத்து பூஜை ரூம்தானே?"

"ஆமா மாமி."

"பின்பக்கம், கிணத்தடியைப் பாத்துண்டு."

"ஆமா மாமி."

"அந்த ரெண்டாவது மாடி ஷீட்டைக் குடுங்கோ. அதே இடம். இது என்ன ரூம்?"

பிளைவுட்டில் காதை ஒட்டி வைத்துக்கொண்டேன். எதிர் மேஜைப் பையன் என்னைப் பார்த்தான். பார்க்கட்டும்.

"கேக்கறேனே, என்ன ரூம் இது? வட்டமா போட்டிருக்கே, அது என்ன?"

மிகவும் சின்னக் குரலில் பாஸ்கர்: "டாய்லெட் மாமி."

"எங்க பெருமாளுக்கு மேலயா?"

நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம். பெரியவர், "ரங்கா, என்னது இது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. நடுவுள்ளவர், எனக்குத் தெரியாதுண்ணா, டாய்லெட்டை அந்தப் பக்கம் மாத்துங்கோன்னுதான் சொன்னேன் என்றார். மாமி மட்டும் விடவில்லை. "சரிபாக்கறதுக்கு இங்க யாரும் கிடையாதா?"

சார்: "பாஸ்கர். இதை நீதானே வரைஞ்சே?"

ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடியும் எனக்குத்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று வரி வரியாகத் தெரிந்தது. இல்லை சார், தேவகி வரைந்தது என்று சொல்லலாம். சொன்னால், பெட்டியில் ஏன் உன் எழுத்து என்பார். அப்புறம் நர்சிங் ஹோம். அப்புறம் பங்களா. பீரோவிலிருக்கிற எல்லாத் தாளும் லைட்டுக்கு எதிரே வரும்.

"ஆமா சார்" என்றான்.

"சரிபாத்ததும் நீதானே?"

"ஆமா சார்."

எனக்கு ஏற்பட்டது சந்தோஷம்தான். இங்கே பொய் எழுத வேண்டியதில்லை. உடம்பெல்லாம் சந்தோஷம். காலில் செருப்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஆறு மாதம், நர்சிங் ஹோம், வளைவுப் படிக்கட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து.

காபி கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். சாரின் பள்ளிக்கூட சிநேகிதர் படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு மணிக்குப் பாஸ்கர் என் மேஜைக்கு வந்து நின்றான். ஸ்டூலை இழுக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எது சார்?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். யாரிடமும் போய் அவனால் சொல்ல முடியாது. என்ன சொல்லுவான்? நான் திருடிய தாளில் தப்பு இருந்தது என்றா?

போய்விட்டான். வீட்டுக்கு வரும் வழியில் மல்லிகைப்பூ இரண்டு முழம். இவருக்கு இருமல் மருந்து, ஒருவழியாக.

நவம்பர் 17, வெள்ளி

நல்ல மழை. பஸ் கிடைக்க முக்கால் மணி. பாஸ்கர் வரவில்லை, லீவு லெட்டர் கொடுத்தனுப்பியிருக்கிறான்.

ஏதோ சரியில்லை. நேற்றைய பூரிப்பில் பாதி கூட இல்லை. அவன் ஸ்டூலில் பையன்கள் ஈரக் குடையை வைத்திருந்தார்கள். எடுத்து மூலையில் வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு சார் கூப்பிட்டார். முதல் தடவையாக உட்காரச் சொன்னார். நீள நோட்டு மூடியிருந்தது. எதிரே மயிலாப்பூர் தாள்கள்.

"நேத்து ராத்திரி அவாத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டுண்டு வந்தேன். ஒரு வாரம் டயம் குடுத்திருக்கா. இனிமே இந்த வீட்டை நீ பாத்துக்கோ. முழுக்க நீதான்."

சரி சார் என்றேன்.

"டிரெயினிங்குக்கும் நீயே போ. பாஸ்கர்கிட்ட சொல்லிட்டேன், போன்ல. ஒண்ணும் பேசலை அவன்."

இதற்காகத்தான் இத்தனையும். நன்றி சார் என்று சொல்ல வேண்டும். தாளின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினோரு வருஷத்தில் அவர் கண்ணை நேராகப் பார்த்ததில்லை. களைத்த கண்.

"எம்மேல தப்பு. அன்னிக்கு நீ வந்து என்னமோ சொல்ல வந்தே, நான்தான் காதுல வாங்கிக்கலை." இரண்டாவது மாடித் தாளை எடுத்து, அந்த வரிசையை விரலால் தொட்டுக் காட்டினார். "எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கான் பாரு. கை என்னமோ உன் கை மாதிரியே இருக்கு. ஆனா புத்தி வேணுமே. நீ வரைஞ்சிருந்தா இது நடந்திருக்குமா?"

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"நடந்திருக்காது சார்" என்றேன்.